ஹார்மோனை உடைக்கும் நொதியை நிறுத்தினால் நெல்மணி கூடுமா? கமலா நெல்லின் பின்னணி

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஆர்ஆர் தன் 100, அதாவது கமலா. இன்னொன்று, டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா டிஎஸ்டி ரைஸ் 1. இரண்டுமே மரபணுத் திருத்தம் செய்யப்பட்டவை. கமலாவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு.

கடலூர் மாவட்டத்துக்கு இது எங்கோ நடந்த செய்தி அல்ல. கமலாவின் மூல ரகம் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி. காட்டுமன்னார்கோவில், புவனகிரி, சிதம்பரம் பக்கம் சம்பா போடுகிற யாருக்கும் பிபிடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதனால்தான் கேள்விகள் வரிசையாக வருகின்றன. நெல்லுக்குள் எதைச் சேர்த்திருக்கிறார்கள்? பி.டி. பருத்தி மாதிரி வேறொரு உயிரியின் மரபணுவா? ஒன்றும் சேர்க்கவில்லை, இருந்த ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள் என்றால், கெடுத்ததால் விளைச்சல் எப்படிக் கூடும்?

இவற்றில் மூன்றாவது கேள்விதான் மிக நல்ல கேள்வி. செயலிழந்தது ஒரு ஹார்மோனை உடைக்கும் நொதி. அந்த நொதி என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இருப்பைத் தீர்மானிப்பது எது?

செடியின் ஒரு பகுதியில் உருவாகி, அங்கேயோ வேறிடத்திலோ வளர்ச்சியை மாற்றும் சேர்மம்தான் தாவர ஹார்மோன். அளவு மிக மிகக் குறைவு. ஒரு கிராம் பச்சைத் திசுவில் சில நானோகிராம் இருந்தாலே போதும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவே செடியின் உயரத்தையும் கதிரின் நீளத்தையும் மாற்றுகிறது என்றால், அந்த அளவைக் கட்டுக்குள் வைப்பது செடிக்கு எவ்வளவு அவசியம் என்று புரியும்.

வீராணம் ஏரியின் நீர்மட்டம் கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் தண்ணீரால் மட்டும் முடிவாவதில்லை. மதகுகளில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதும் சேர்ந்துதான் மட்டத்தை முடிவு செய்கிறது. ஹார்மோன் இருப்பும் அப்படியே. உற்பத்தியைத் தொடாமல், வெளியேற்றத்தை மட்டும் குறைத்தாலும் இருப்பு உயரும்.

செடி ஒரு ஹார்மோனைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு.

1. உடைத்துவிடலாம், அல்லது ஆக்சிஜனேற்றம் செய்து பயனற்ற சேர்மமாக்கலாம். இது பெரும்பாலும் திரும்பி வராத மாற்றம்.
2. சர்க்கரையோ அமினோ அமிலமோ ஒட்டி முடக்கிவைக்கலாம். இவற்றில் சில, தேவைப்படும்போது மறுபடி பிரிந்து ஹார்மோனாகும்.
3. வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம்.

முதல் இரண்டையும் செய்பவை நொதிகள். நொதி என்பது ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். அந்த வினையில் அது தீர்ந்துபோவதில்லை. ஒரே நொதி மூலக்கூறு அடுத்தடுத்துப் பல ஹார்மோன் மூலக்கூறுகளை முடித்துவிட முடியும். ஆகவே ஒரு நொதியின் அளவில் வரும் சின்ன மாற்றம்கூட வயலில் கண்ணுக்குத் தெரியும்.

எதை எது உடைக்கிறது?

1. ஆக்சின்: வேர்விடுதல், தண்டு நீளுதல், பிஞ்சு உதிராமல் இருத்தல் எல்லாவற்றிலும் பங்குள்ள ஹார்மோன். இயற்கை ஆக்சினான இண்டோல் அசிட்டிக் அமிலத்துக்கு ஜிஹெச்3 என்ற நொதிக் குடும்பம் அமினோ அமிலத்தை ஒட்டுகிறது. டிஏஓ என்ற நொதி ஆக்சிஜனேற்றம் செய்கிறது.
2. ஜிப்ரெல்லின்: செடியை உயரமாக்கும் ஹார்மோன். ஜிஏ2-ஆக்சிடேஸ் என்ற நொதி இதன் அமைப்பில் ஒரே ஒரு இடத்தை மாற்றிச் செயலிழக்க வைக்கிறது.
3. அப்சிசிக் அமிலம்: விதை உறக்கத்துக்கும் வறட்சி நேரத்தில் இலைத்துளை மூடுவதற்கும் பொறுப்பு. சிஒய்பி707ஏ வகை நொதிகள் இதை ஃபேசிக் அமிலமாக்கும் பாதையில் தள்ளுகின்றன.
4. சைட்டோகைனின்: செல் பிரிதலைத் தூண்டும் ஹார்மோன். இதை வெட்டுவது சைட்டோகைனின் ஆக்சிடேஸ், சுருக்கமாக சிகேஎக்ஸ். கமலாவின் கதை இதில்தான் இருக்கிறது.

எத்திலீன் ஒரு வாயு என்பதால் பெரும்பகுதி தானாகவே வெளியேறிவிடுகிறது. தூர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரிகோலாக்டோன் இன்னும் வியப்பானது: அதை உணர்ந்துகொள்ளும் டி14 என்ற புரதமே அதை உடைக்கும் நொதியாகவும் இருக்கிறது. செய்தியைப் பெற்றுக்கொள்வதும் அதை அழிப்பதும் ஒரே புரதத்தின் வேலை!

ஜிப்ரெல்லினைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசுமைப் புரட்சியின் குட்டை நெல், ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி பழுதானதால் வந்தது. தைச்சுங் நேட்டிவ் 1 என்ற தைவான் ரகத்தில் ஜிப்ரெல்லினைத் தயாரிக்கும் ஜிஏ20-ஆக்சிடேஸ் நொதி பழுதாகியிருந்தது. அதனால் செடி உயரமாகவில்லை, உரம் போட்டாலும் சாயவில்லை. பிபிடியின் முன்னோர்களில் ஒன்று அந்த ரகம். இன்னொன்று ஜிஇபி 24. கோயம்புத்தூரில் கிச்சிலி சம்பா வழியில் தேர்ந்தெடுத்து 1921-இல் வெளியிட்டது. ஆக, பிபிடியின் வம்சத்தில் ஹார்மோன் நொதி பழுதாவது இது முதல்முறை அல்ல. அப்போது பழுதானது தயாரிக்கும் நொதி, தானாக நடந்தது. இப்போது நிறுத்தப்பட்டிருப்பது உடைக்கும் நொதி, திட்டமிட்டுச் செய்தது.

சைட்டோகைனினும் சிகேஎக்ஸும்

1955-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபோல்க் ஸ்கூக், கார்லோஸ் மில்லர் ஆகியோரின் குழு கைனெட்டின் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தது. சைட்டோகைனின்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. செடிக்குள் இயற்கையாக இருக்கும் முக்கிய சைட்டோகைனின் ஜியாட்டின். இளம் மக்காச்சோள மணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இளநீரிலும் இது உண்டு. திசு வளர்ப்புக் கூடங்களில் இளநீர் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைட்டோகைனினின் அமைப்பு எளிமையானது: அடினின் என்ற அடிப்படைச் சேர்மம், அதன் ஒரு நைட்ரஜனில் பக்கச் சங்கிலி ஒன்று. அந்தச் சங்கிலி இருக்கும்வரைதான் அது ஹார்மோன். சிகேஎக்ஸ் சரியாக அந்த இடத்தில் வெட்டுகிறது. மிஞ்சுவது வெறும் அடினின். நம் டிஎன்ஏவிலும் இருக்கிற, ஹார்மோன் வேலை எதுவும் செய்யாத சாதாரணச் சேர்மம். இந்த நொதி வேலை செய்ய எஃப்ஏடி என்ற துணைப்பொருள் வேண்டும். வைட்டமின் பி2-இலிருந்து உருவாகும் பொருள் அது.

நெல்லில் சிகேஎக்ஸ் மரபணுக்கள் 11 உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பில், வெவ்வேறு பருவத்தில் வேலை செய்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் கமலா புரியாது. காரணம், சைட்டோகைனின் எல்லா இடத்திலும் நல்லது செய்வதில்லை. கதிரில் அது கூடினால் மணி கூடும். வேரில் கூடினால் வேர் வளர்ச்சி குன்றும். வேரில் சிகேஎக்ஸை அதிகமாக்கிய செடிகளில் வேர் நன்றாக ஓடியதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே 11-ஐயும் நிறுத்துவது செடியைக் கெடுக்கும் வேலை. கதிரில் வேலை செய்யும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த ஒன்றை 2005-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோட்டோயுகி அஷிகாரியின் குழு காட்டியது. ஹபடாக்கி என்ற ரகத்தில் கதிருக்கு மணி அதிகம், கோஷிஹிக்காரியில் குறைவு. இரண்டையும் கலந்து, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, நெல்லின் டிஎன்ஏவில் ஜிஎன்1ஏ என்ற இடத்தில் சிகேஎக்ஸ்2 மரபணு சிக்கியது. மணி அதிகமான ரகத்தில் அந்த மரபணு குறைவாகவே வேலை செய்தது. ஒரு சீன ரகத்தில் அதே மரபணுவில் டிஎன்ஏவின் 11 எழுத்துகள் இயற்கையாகவே விடுபட்டு, நொதி முழுமையாக உருவாகாமலே போயிருந்தது. அந்த ரகத்திலும் மணி அதிகம்.

கதிருக்குள் நடப்பது

தூர் கட்டி முடிந்ததும், வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தில், தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. பூப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு அது. வளர்முனையில் செல்கள் பிரிந்து முதன்மைக் கிளைகள், துணைக் கிளைகள், அவற்றின் மேல் பூக்கள் என உருவாகின்றன. ஒரு பூ ஒரு மணிக்கான இடம். எத்தனை பூ என்பது அந்தச் சில வாரங்களில் முடிவாகிவிடும். பிறகு என்ன செய்தாலும் எண்ணிக்கை கூடாது.

வளர்முனை எவ்வளவு காலம் பிரிந்துகொண்டே இருக்கும் என்பதில் சைட்டோகைனினுக்குப் பெரிய பங்கு உண்டு. சிகேஎக்ஸ்2 அங்கே அதை வெட்டிக்கொண்டிருந்தால் பிரிதல் சீக்கிரம் நின்றுவிடும். வெட்டுவது குறைந்தால் இருப்பு உயரும், கிளைகள் கூடும், மணிகள் கூடும்.

கதிர் உருவாகும் பருவத்தில் தழைச்சத்து மேலுரம் கொடுப்பதன் பின்னாலும் இதே ஹார்மோன் இருக்கிறது. தழைச்சத்து கிடைக்கும்போது செடி சைட்டோகைனின் உற்பத்தியைக் கூட்டுகிறது. மேலுரம் வரவைக் கூட்டுகிறது. சிகேஎக்ஸ்2 திருத்தம் செலவைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன.

கமலாவில் செய்தது என்ன?

பிபிடியின் சிகேஎக்ஸ்2 மரபணுவில், கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் குறிப்பிட்ட ஓரிடத்தை வெட்டினார்கள். வெட்டுப்பட்ட டிஎன்ஏவைச் செல் தானே ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபட்டோ கூடியோ போகும். மரபணு வேலை செய்யாமல் போகும். வெட்டுவதற்காக முதலில் செடிக்குள் சேர்த்த கருவி மரபணு இல்லாத சந்ததிச் செடிகளைப் பிறகு தேர்ந்தெடுத்தார்கள். முடிவில் வயலுக்கு வரும் செடியில் வேற்று உயிரியின் மரபணு கிடையாது. பி.டி. பருத்தியில் பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது; இங்கே அப்படி எதுவும் இல்லை. இந்த வகைத் திருத்தத்துக்கு எஸ்டிஎன்-1 என்று பெயர். 2022 மார்ச் 30-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, இத்தகைய பயிர்களை மரபணு மாற்றப் பயிர்களுக்கான 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. இந்த விலக்கு சரியா என்ற விவாதம் தொடர்கிறது.

பூசா டிஎஸ்டி ரைஸ் 1 வேறு வழியில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறது. அதன் மூல ரகம் எம்டியு 1010. அதில் நிறுத்தப்பட்டது டிஎஸ்டி என்ற மரபணு. மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வேலை. அது முடுக்கிவிடும் மரபணுக்களில் சிகேஎக்ஸ்2-உம் ஒன்று. டிஎஸ்டி நின்றால் கதிரில் சிகேஎக்ஸ்2 குறையும். கூடவே இலைத்துளைகள் எளிதில் மூடி, வறட்சியையும் உப்பையும் செடி ஓரளவு தாங்கும். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர உவர் நிலக்காரர்கள் கமலாவைவிட இந்த இரண்டாவது ரகத்தைத்தான் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சைட்டோகைனினைத் தெளித்துவிடலாமே?

கடைகளில் 'வளர்ச்சி ஊக்கி' என்று விற்கும் பாட்டில்களைப் பார்த்துவிட்டு வரும் நியாயமான கேள்வி. தெளித்த ஹார்மோன் செடிக்குள் போனதும் அதே சிகேஎக்ஸ் நொதிகளைத்தான் சந்திக்கிறது. இயற்கை வகைச் சைட்டோகைனின்கள் விரைவில் வெட்டப்பட்டுவிடும். கதிர் உருவாகும் முனை அந்த நேரத்தில் இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கும். இலையில் பட்டது அங்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் சரியான வாரத்தில். செடிக்குள் நடக்கும் திருத்தத்தைத் தெளிப்பால் ஈடுகட்ட முடியாது. திராட்சையில் மணியைப் பெருக்கப் பயன்படும் ஃபோர்க்ளோர்ஃபெனுரான் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் அமைப்பே வேறு. சிகேஎக்ஸால் அதை வெட்ட முடியாது, நொதியையே அது தடுக்கவும் செய்யும்.

உடைக்க முடியாத ஹார்மோன் களைக்கொல்லியாகும்

நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நெல் வயலிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2,4-டி என்ற களைக்கொல்லி ஒரு செயற்கை ஆக்சின். இயற்கை ஆக்சினைச் சமாளிக்கும் நொதிகளால் இதை எளிதில் அகற்ற முடிவதில்லை. அகன்ற இலைக் களையில் இது போகாமல் தங்கி, கட்டுப்பாடில்லாத வளர்ச்சியைத் தூண்டுகிறது. தண்டு முறுக்கி, இலை சுருண்டு களை செத்துப்போகிறது. நெல் முதலான புல்லினங்கள் சைட்டோகுரோம் பி450 வகை நொதிகளால் இதன் அமைப்பை மாற்றி, சர்க்கரையை ஒட்டி முடக்கிவிடுகின்றன. நெல் பிழைப்பதற்கு அதன் உடலமைப்பும் துணை, ஆனால் இந்த நொதிகள் பெரிய காரணம்.

கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி, மங்களூர் பக்கம் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் அருகிலேயே பருத்தி நிற்கும். பருத்திக்கு அந்த முடக்கும் திறன் போதாது. காற்றில் போகிற மிகச் சிறிய அளவுகூடப் பருத்தி இலையை விரல் விரலாகச் சுருக்கிவிடும். வெண்டை, கத்தரி, தக்காளிக்கும் இதே ஆபத்து. காற்றடிக்கும் நேரத்தில் 2,4-டி தெளிக்கக் கூடாது என்பதும், அந்தத் தெளிப்பானைப் பருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

மழையும் அப்சிசிக் அமிலமும்

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடுகிறதே, அதிலும் உடைக்கும் நொதிதான். மணிக்குள் அப்சிசிக் அமிலம் போதிய அளவில் இருக்கும்வரை முளைப்பு தடைபடும். மணி நனைந்து தண்ணீர் குடித்ததும் இந்த அமிலத்தை உடைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. இருப்பு சரிந்து ஜிப்ரெல்லினின் கை ஓங்குகிறது. விதைநெல்லை ஊறவைப்பதில் நாம் வேண்டும் என்று செய்வதும் அதுவே. உறக்கக் காலம் உள்ள ரகங்கள் சில வாரம் தாக்குப்பிடிக்கும், இல்லாதவை தாங்காது. விருத்தாசலம் பகுதியில் கொத்து ரக நிலக்கடலை, அறுவடை தள்ளிப்போய் மழையும் பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைப்பதற்கும் உறக்கம் இல்லாததுதான் காரணம்.

வெள்ளத்தில் மூழ்கிய நெல்லிலும் இதே நொதி உண்டு. மூழ்கிய செடியில் எத்திலீன் வெளியேற முடியாமல் தேங்குகிறது. அது அப்சிசிக் அமிலத்தை உடைக்கும் நொதியைக் கூட்டுகிறது. தடை நீங்கி ஜிப்ரெல்லின் தண்டை நீட்டுகிறது. சில நாளில் வடியும் வெள்ளத்தில் இப்படி நீண்டு சத்தை இழப்பது வீண். சிஆர் 1009 சப்1 ரகத்தில் உள்ள சப்1ஏ மரபணு அந்த நீட்சியை அடக்கி, தண்ணீர் வடியும்வரை செடியைக் காத்திருக்க வைக்கிறது.

கடலூர் வயலில் கமலா: கவனிக்க வேண்டியவை

அரசு அறிவிப்பின்படி கமலா, பிபிடியைவிட சராசரியாக 19 சதவீதம் அதிக விளைச்சல் தரும், சுமார் 20 நாள் முன்னதாக முதிரும். இந்த எண்களை அறிவித்தவர்களின் எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். சோதனைத் தரவுகள் போதுமா என்று கேட்கும் அமைப்புகளும் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானது. நம் மண்ணுக்கு வரும்போது நான்கு விஷயங்கள் முக்கியம்.

1. மணிக்கான இடம் கூடுவது வேறு, மணி நிரம்புவது வேறு. சிகேஎக்ஸ்2 திருத்தம் இடத்தைத்தான் கூட்டுகிறது. அதை நிரப்பும் மாவுச்சத்து இலையிலிருந்து வர வேண்டும். மேகமூட்டம், சத்துக் குறைவு, கடைமடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று வந்தால் கூடுதல் இடமெல்லாம் பதராகலாம்.

2. 20 நாள் குறைவது எல்லா நேரமும் லாபமல்ல. செப்டம்பர் 1-இல் விதைத்த 150 நாள் ரகம் டிசம்பர் கடைசியில் பூக்கும். அதே நாளில் விதைத்த 130 நாள் ரகம் டிசம்பர் 10 வாக்கில் பூத்துவிடும், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில். பூக்கும் நேரத்து மழை மகரந்தச் சேர்க்கையைக் கெடுக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், தென்பெண்ணை பெருக்கெடுத்ததும் மறந்திருக்காது. ஆகவே நாள் குறைந்த ரகத்துக்கு விதைப்பையும் தள்ளிவைக்க வேண்டும். விதைப்பு நாளை மாற்றாமல் ரகத்தை மட்டும் மாற்றினால் நஷ்டம் வர வாய்ப்பு அதிகம்.

3. மாறியது ஒரே மரபணு. குலை நோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எளிதில் ஆளாவது பிபிடியின் பழைய பலவீனம். சிகேஎக்ஸ்2-ஐ நிறுத்தியதால் அது நீங்காது. தழைச்சத்தைத் தாராளமாகக் கொட்டினால் இந்த நோய்கள் கூடும்.

4. கமலா வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) அல்ல. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், எடுத்துவைக்கும் விதையிலும் திருத்தம் அப்படியே நிற்கும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. ஆனால் கிரிஸ்பர் கருவியின் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. விதை உழவருக்கு எந்த நிபந்தனையுடன் வரும் என்பதை அரசு வெளிப்படையாக எழுதித் தர வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு.

விதை கையில் கிடைத்தால், ஒரே வயலில் பிபிடியையும் கமலாவையும் அடுத்தடுத்த பாத்திகளில், அதனதன் வயதுக்கு ஏற்ற நாளில் விதைத்துப் பார்ப்பதுதான் நல்லது. கதிரின் நீளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கதிர்களைப் பறித்து, நிரம்பிய மணி எத்தனை, பதர் எத்தனை, ஆயிரம் மணியின் எடை எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பாத்தி முழுவதையும் அறுத்து, காயவைத்து எடை போட வேண்டும்.